யப்பானியச் சலூனில் நாலு வார்த்தை

யப்பானுக்குப் படிக்கப் போகின்ற பிள்ளை எதையெதையெல்லாமோ ஆயத்தம் பண்ணுகின்றது. கடவுச்சீட்டு, வீசா, குளிர்ச்சட்டை, தாயார் வறுத்து இடித்துக் கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள் என்று பெட்டி நிறைந்து விடுகின்றது. மொழியிலும் அப்படியே. புகையிரத நிலையம் எங்கே, இவ்வுணவில் இறைச்சி கலந்திருக்கின்றதா, வாடகை எவ்வளவு என்பனவற்றையெல்லாம் நெட்டுருப் பண்ணிக்கொண்டு விமானம் ஏறுகின்றனர். ஆனால் தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு மாதம் கழிந்ததும் ஒரு நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டப்பெற்று, மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் கத்தரிக்கோலுடன் நிற்பவர் என்ன வினவுகின்றார் என்று விளங்காமல் "ஹை, ஹை" என்று தலையாட்ட வேண்டியதாகின்றது. உணவுச்சாலையிலே பிழையான பண்டம் வந்தால் மறுவேளை திருத்திக் கொள்ளலாம். பிழையாக வெட்டிய மயிரைத் திருத்துவதற்கோ இரண்டு மாதம் செல்லும். அந்த இரண்டு மாதத்துள்ளே வகுப்பும் உண்டு, வேலைக்கான நேர்முகப் பரீட்சையும் உண்டு.

எம் நாட்டிலே க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கே யப்பானிய மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம். திறன்தொழிலாளரை அனுப்புவது பற்றி இரு நாடுகளும் 2019ஆம் ஆண்டில் ஓர் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆகவே இவ்விஷயம் இன்று ஒரு சிலருக்கு மாத்திரம் உரியதன்று. பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த நாலு வார்த்தைகளை இவ்வாரம் பார்ப்போம்.

முதலில் எக்கடைக்குப் போவது என்பது தெரிய வேண்டும். யப்பானிலே மயிர் வெட்டும் கடைகள் சட்டத்தினாலேயே இரு வகையாகப் பிரிந்துள்ளன. ஒன்று 'ரியோஷித்ஸு', பழைய பேச்சு வழக்கிலே 'தொகொயா'. மற்றையது 'பியோஷித்ஸு', அல்லது 'பியோஇன்'. முன்னதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. சவரக் கத்தியால் முகமழித்தல் தொகொயாக்காரருக்கே உரிய தொழில். மற்றையவர் அதனைச் செய்தலாகாது. சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் சுழலும் தூண் வாசலில் நின்றால் அது தொகொயா என்று பெரும்பாலும் கொள்ளலாம். 1978ஆம் ஆண்டில் வெளியான ஓர் அரசாங்க அறிவித்தல், பியோஇன்னிலே ஆடவருக்கு வெறுமனே மயிர் வெட்டிவிடுதல் ஆகாது என்று கூறிற்று. ஏட்டிலே அது 2015ஆம் ஆண்டு வரையில் இருந்தது. நடைமுறையிலோ இளைஞர் பலர் பியோஇன்னுக்கே போய் வெட்டுவித்துக்கொண்டு வந்தனர். இப்பொழுது தடை எதுவுமில்லை.

'பியோஇன்' என்ற சொல்லைச் சற்றே கவனித்துச் சொல்ல வேண்டும். 'பி' என்பதைத் தனியாக நிறுத்தி, பின் 'யோ' என்று நீட்டினால் அழகுநிலையம். இரண்டையும் ஒட்டி 'ப்யோஇன்' என்றால் வைத்தியசாலை. முடிவெட்டப் போக வேண்டும் என்று வழி கேட்பவரை அன்புள்ள மூதாட்டி ஒருத்தி வைத்தியசாலை வாசலில் கொண்டுபோய் விடுதல் கூடும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அழகுநிலையத்திலே முதன்முறை போகும்போது பெயர், விலாசம், விருப்பு வெறுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுவித்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'கருதெ'. ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். வைத்தியர் நோயாளிக்கு வைத்திருக்கும் பதிவுக்கும் அதே பெயர்தான்.

தொகொயாவின் வரலாறு நீண்டது. எடோ காலத்திலே ஆடவர் நெற்றிமயிரைச் சிரைத்து, எஞ்சிய மயிரைத் தைலம் பூசி மடித்து உச்சியிலே குடுமியாக இறுக்குவர். 'சொன்மகெ' என்பது அதன் பெயர். அதனைக் கட்டிவிடும் கடைகள் ஊர்க்கதை பேசும் இடங்களாகவும் இருந்தன. ஷிகிதெய் ஸம்பா என்ற நகைச்சுவை ஆசிரியர் 1813ஆம் ஆண்டளவில் 'உகியொதொகொ' என்று ஒரு நூலே எழுதினார். அத்தகைய கடையொன்றில் வந்து கூடுவோரின் உரையாடலே அதன் பொருள். எம்மூர்ச் சலூனிலே பத்திரிகையைப் பங்கு போட்டு வாசித்து அரசியல் பேசுவோரைக் கண்டவர்களுக்கு அந்நூல் அந்நியமாகத் தோன்றாது.

1871ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம், குடுமியைக் களையவும் வாளைத் துறக்கவும் விரும்பியவர் அவ்வாறு செய்யலாம் என்று ஆணை பிறப்பித்தது. கட்டாயமில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் 1873இல் சக்கரவர்த்தியே தம் குடுமியைக் களைந்தபின் நாடு அவரைப் பின்தொடர்ந்தது. இதே வேளையிலே பெண்கள் சிலரும் தம் கூந்தலைக் கத்தரித்துக் கொண்டார்கள். அரசாங்கம் அதனைப் பொறுக்கவில்லை. 1872ஆம் ஆண்டில் டோக்கியோவிலே பெண்கள் மயிரைக் குறைத்தலாகாது என்று தடையுத்தரவு வந்துவிட்டது! ஆடவர் மயிரை வெட்டினால் நாகரிகம், பெண்டிர் வெட்டினால் குற்றம். உலகம் எங்கும் ஒரே மாதிரித்தான் போலும்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு பெரிய சௌகரியம் இருக்கின்றது. ஆங்கிலத்தில் எண்ணி யப்பானியத்தில் பேச முயல்பவர் தலைகீழாக நிற்கின்றார். தமிழில் எண்ணுபவர் நேராகவே நடந்து போகலாம். ஓர் உதாரணம் பாருங்கள்.

"மயெகமி ஒ ஸன் சென்ச்சி கித்தெ குதசாய்."

'மயெகமி' என்பது முன்மயிர். 'ஒ' என்பது எமது இரண்டாம் வேற்றுமை 'ஐ'. 'ஸன் சென்ச்சி' மூன்று சென்றிமீற்றர். 'கித்தெ' என்பது வெட்டி என்னும் வினையெச்சம். 'குதசாய்' என்பது தாருங்கள். முன்மயிரை மூன்று சென்றிமீற்றர் வெட்டித் தாருங்கள். ஒரு சொல்லையாவது இடம் மாற்ற வேண்டியதில்லை. 'வெட்டித் தாருங்கள்' என்று உதவி கேட்கும்போது நாம் 'தா' என்பதைத் துணைவினையாகச் சேர்ப்பது போலவே, கொடுத்தல் என்று பொருள்படும் வினையைத்தான் அவர்களும் சேர்க்கின்றனர். தமிழெழுத்தில் யப்பானிய ஒலி முழுதும் அமையாது. க, த முதலியன எங்கே வலிந்தும் எங்கே மெலிந்தும் ஒலிக்கின்றன என்பதைச் செவியால் கேட்டே திருத்திக்கொள்ள வேண்டும்.

படமொன்றைக் காட்டி "கொனொ ஷஷின் நொ யோ நி ஷிதெ குதசாய்" என்றால், இந்தப் படத்தைப் போலச் செய்து தாருங்கள் என்பதாகும். இங்கே வரும் 'கொனொ' என்பது எம்மவருக்கு, அதிலும் யாழ்ப்பாணத்தவருக்கு, இனிக்கக்கூடிய சொல். யப்பானியத்திலே பேசுவோன் அருகிலிருப்பதற்குக் 'கொனொ', கேட்போன் அருகிலிருப்பதற்கு 'ஸொனொ', இருவருக்கும் அப்பாலிருப்பதற்கு 'அனொ', வினாவுக்குத் 'தொனொ' என்று நான்கு உண்டு. இந்த, உந்த, அந்த, எந்த! தமிழகத்துப் பேச்சிலே பெரும்பாலும் வழக்கொழிந்து போன உகரச்சுட்டு எங்கள் வீடுகளில் இன்றும் உயிரோடிருக்கின்றது. "உந்தப் படத்தைப் போல" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, சலூன்காரர் கையிலுள்ள படத்தைச் சுட்ட 'ஸொனொ' என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வொற்றுமைகளைக் கண்டு வியந்தவர்களுள் ஓனொ ஸுஸுமு என்னும் யப்பானியப் பேரறிஞர் முதன்மையானவர். அவர் தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவு உண்டெனக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவ்வாராய்ச்சியில் அவருடன் இணைந்து உழைத்தனர். மொழியியலார் பெரும்பாலோர் அவ்வுறவை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும். வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதால் மாத்திரம் இரு மொழிகள் உடன்பிறந்தன ஆகிவிடா. ஆனால் சலூன் நாற்காலியில் இருப்பவனுக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா அல்லவா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. அமைப்பு ஒத்திருப்பதே போதும்.

இடறக்கூடிய இடங்களும் உள. மேலே சொன்ன வாக்கியத்திலே 'கித்தெ' என்பதற்குப் பதிலாக 'நொகொஷிதெ' என்று வந்தால், மூன்று சென்றிமீற்றரை விட்டு வையுங்கள் என்று பொருள். வெட்டுவது மூன்றா, மிஞ்சுவது மூன்றா? அளவைச் சொல்பவர்கள் வினையை விழுங்கிவிட்டு "ஸன் சென்ச்சி" என்று மூன்று விரலைக் காட்டினால், வெட்டுபவர் தமக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார். கூந்தலை நீளமாக வளர்த்த பெண் பிள்ளைகளுக்கு இது சிறு விஷயமன்று. நுனியை மாத்திரம் ஒப்பமாக்க வேண்டுமாயின் "கெஸகி ஒ ஸொரொஎரு தகெ" என்று சொல்லித் தப்பலாம். 'தகெ' என்பதே மாத்திரம்.

'கித்தெ' என்பதிலே இரட்டித்த தகரத்தை இரட்டித்தே சொல்ல வேண்டும். ஒற்றைத் தகரமாக்கினால் 'வந்து' என்றோ 'உடுத்து' என்றோ பொருள் மாறி, வாருங்கள் என்று அழைப்பதாக முடியும். ஒற்று மிகும் மிகாது என்று நன்னூலோடு போராடியவர்களுக்கு இதில் பயமிருக்கலாகாது. இரட்டித்த சொல்லுக்கே இன்னொரு பொருள் தபால் முத்திரை. அது போகட்டும், 'கமி' என்றால் மயிர், அதுவே தாள், அதுவே தெய்வம். தெய்வத்தைச் சொல்லும்போது முதலெழுத்தை எடுத்தும் மயிரையும் தாளையும் சொல்லும்போது இரண்டாமெழுத்தை எடுத்தும் ஒலிப்பது டோக்கியோ வழக்கு. சலூனிலே நின்று சொல்வதால் எதை வெட்டச் சொல்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தலையின் பகுதிகளுக்குச் சில பெயர்கள்: பக்கம் 'யொகொ', பின்புறம் 'உஷிரொ', மேற்புறம் 'உஎ', கிருதா 'மொமிஅகெ', பிடரிமயிர் 'எரிஅஷி', வகிடு 'வகெமெ'. "மிமி ஒ தஷிதெ குதசாய்" என்றால் காது வெளித்தெரியும்படி வெட்டுங்கள் என்பது. எங்கள் ஆண் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படும். இன்னும் கொஞ்சம் கட்டையாக வேண்டுமென்றால் "மோ ஸுகொஷி மிஜிககு". மயிர் வெட்டும் மிசினுக்குப் 'பரிகன்' என்று பெயர். இது யப்பானியச் சொல்லன்று. அங்கு முதலில் வந்திறங்கிய கருவியைச் செய்த பிரெஞ்சுக் கம்பனியான பரிக்காங் என்பதன் பெயரே கருவிக்கு ஆகிவிட்டது. தொல்காப்பியர் ஆகுபெயர் என்று வகுத்தது இதனையே.

எம்மவரின் மயிர் யப்பானியருடையதைப் போல நேராக விழுவதில்லை. பலருக்குச் சுருளும் அலையும் உண்டு. அத்தகைய மயிருக்கு அங்கே 'குஸெகெ' என்று பெயர். 'குஸெ' என்பது பழக்கம். அதிலும் விடாத பழக்கம். தனக்கென்று ஒரு பிடிவாதமுள்ள மயிர் என்று கொள்க! நாற்காலியில் அமர்ந்தவுடனே "குஸெகெ தெஸ்" என்று சொல்லிவிடுதல் நன்று. அடர்த்தியைக் குறைப்பதற்கு பல்லுள்ள கத்தரிக்கோலை அங்கு தாராளமாக எடுப்பர். நேரான தடித்த மயிருக்கு அது பொருந்தும். சுருளுக்கு அளவுமீறினால் தலை பஞ்சுபோலப் பொங்கி நிற்கும். "ஸுகஸனய்தெ குதசாய்" என்றால் அப்படிக் குறைக்க வேண்டாம் என்று பொருள். வாய்க்கு வராவிட்டால் எழுதிக்கொண்டு போகலாம். "ஒமகஸெ ஷிமஸ்", உங்கள் எண்ணம்போல் செய்யுங்கள், என்ற அழகான வார்த்தையைச் சிலர் முதலாவதாகக் கற்றுக்கொள்கின்றனர். அதை மூன்றாவது முறை போகும்போது சொல்லலாம்.

வெட்டி முடிந்ததும் தலை கழுவுதல் உண்டு. பழைய தொகொயாக்களிலே முன்னால் உள்ள தொட்டியில் குனிய வைத்துக் கழுவுவர். பியோஇன்னிலே மல்லாந்து கிடக்க வைத்து, தண்ணீர் தெறியாதபடி முகத்தின்மேல் மெல்லிய துணியொன்றை விரிப்பர். அப்பொழுது துணிக்கு வெளியேயிருந்து ஒரு குரல் வரும்: "கயுஇ தொகொரொ வ அரிமஸென் க?" அரிக்கின்ற இடம் எதுவும் இல்லையா என்பது வினா. இல்லை என்பதற்கு "தயிஜோபு தெஸ்" என்றால் போதும். எதிர்மறையாக வினவினால் ஆங்கிலேயன் 'நோ' என்பான். யப்பானியர் 'ஹை' என்று தொடங்குவர், நாம் "ஓம், இல்லை" என்பது போல. 'தயிஜோபு' ஓர் அபாயமான சொல்லுந்தான். சரி என்பதற்கும் அதுவே, வேண்டாம் என்பதற்கும் அதுவே. முகம் மழிக்கவா என்று கேட்கும்போது 'தயிஜோபு' என்றால் வேண்டாம் என்றே கொள்வர். வேண்டுமானால் "ஒனெகாய் ஷிமஸ்" என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் பிடரியின் பின்னே ஒரு கண்ணாடியைப் பிடித்து "இகக தெஸ் க?" என்று கேட்பர். எப்படியிருக்கின்றது என்பது வினா. குறை சொல்வதற்கு உரிய வேளை அதுதான். எம் பிள்ளைகள் மரியாதைக்காக அதனை விட்டுவிடுகின்றனர். அங்கே அது மரியாதைக் குறைவன்று; "மோ ஸுகொஷி" என்றவுடன் முகஞ்சுளியாமல் மீண்டும் கத்தரியை எடுப்பார்கள். இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை, கொடுத்தால் திகைப்பர். வெட்டுபவர் இரண்டாண்டு கல்லூரியிற் பயின்று, எழுத்திலும் செய்முறையிலும் அரசாங்கப் பரீட்சை தேறியவர். ஊரார் அவரைத் 'தொகொயா-ஸன்' என்று மதிப்பு விகுதி சேர்த்தே அழைப்பர். எம்மூரிலே தலைமுறை தலைமுறையாக எங்கள் தலையைத் தொட்டவரை முன்வாசலால் வர விடாத காலம் ஒன்று இருந்தது. சில இடங்களில் அதன் நிழல் இன்னும் மாறவில்லை. அங்கு போய்த் திரும்பும் பிள்ளை அந்த 'ஸன்' என்ற விகுதியையும் கொண்டுவந்தால் நான் மகிழ்வேன்.

பள்ளிப் பிள்ளைகளோடு குடும்பமாகப் போகின்றவர்களுக்கு ஒரு செய்தி. யப்பானியப் பள்ளிகள் பலவற்றில் மயிருக்கென்று விதிகள் உண்டு. 2017ஆம் ஆண்டில் ஓசாக்கா மாகாணத்து உயர்நிலைப் பள்ளியொன்றின் மாணவி, தன் மயிர் இயல்பாகவே கபில நிறம் என்றும் அதனைக் கறுப்பாக்கும்படி ஆசிரியர்கள் ஓயாது வற்புறுத்தினர் என்றும் கூறி வழக்குத் தொடுத்தாள். அவள் பள்ளிக்கு வராது நின்றபின் அவளுடைய மேசையையும் இடாப்பிலிருந்த பெயரையும் அகற்றியது தவறென்று 2021இல் நீதிமன்றம் தீர்த்து, 330,000 யென் நட்டஈடு விதித்தது. விதியைப் பற்றியோ, அது செல்லுபடியாகும் என்றே கூறிற்று. டோக்கியோ மாநகர அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்பிரிலிலிருந்து மயிரைக் கறுப்பாக்க வற்புறுத்தும் விதியை நீக்கிவிட்டன. பக்கங்களை ஒட்ட வெட்டி மேலே நீளமாக விடும் 'த்ஸு புரொக்கு' வெட்டுக்கு இருந்த தடையும் அத்துடன் போயிற்று. காலைக் கூட்டத்தில் மாணவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என் போன்ற ஆசிரியர்கள் அவ்வழக்கின் தீர்ப்பை ஒருமுறை ஆறுதலாக வாசித்தல் தகும். பிள்ளையைச் சேர்க்குமுன் அப்பள்ளியின் விதிகளைக் கேட்டறிந்து, அதன்பின் சலூனுக்கு அழைத்துச் செல்க.

செலவு பற்றி. வழக்கமான கடைகளிலே 3,000, 4,000 யென்னும் அதற்கு மேலும் ஆகும். 'ககுஸெய் தெஸ்', மாணவன் நான், என்று சொன்னால் சில இடங்களில் கழிவு கிடைக்கும். கையில் காசு குறைந்தவருக்கு 1996ஆம் ஆண்டில் டோக்கியோவிலே தொடங்கிய கியூ பீ ஹவுஸ் என்ற கடைகளும் அவற்றைப் பார்த்துத் தோன்றியனவும் உள. பத்து நிமிடம், ஆயிரம் யென் என்பது அதன் தொடக்ககால ஏற்பாடு. கட்டணம் பின்னர் படிப்படியாக ஏறிவிட்டது. தலை கழுவுதல் இல்லை. வெட்டிய மயிரைக் குழாயொன்றால் உறிஞ்சி எடுப்பர். வாசலிலே பொறியில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் இருக்க வேண்டியதுதான். பேச்சு மிகக் குறைவு என்பதால் மொழி தெரியாதவர்கள் அதனை நாடுகின்றனர். ஆனால் பத்து நிமிடத்தில் சொல்லித் திருத்த நேரமில்லை. ஆகவே போகுமுன்னரே அளவையும் வினையையும் நன்றாக நெட்டுருப் பண்ணிக்கொள்ள வேண்டும்.

பியோஇன்னுக்குப் போவதென்றால் முன்னதாக நேரம் குறித்துக்கொள்வது வழக்கம். அதற்கு 'யொயகு' என்று பெயர். தொகொயாவுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. டோக்கியோவில் தொகொயாக்கள் திங்கட்கிழமையிலும் பியோஇன்கள் செவ்வாயிலும் அடைப்பது பழைய ஏற்பாடு. யுத்தத்தையொட்டிய ஆண்டுகளில் மின்சாரம் போதாமையால் கிழமைக்கு ஒரு நாள் நிறுத்துவார்களாம். அந்நாளே விடுமுறையாக நிலைத்துவிட்டது என்பர். இப்பொழுது எல்லாக் கடைகளும் அவ்வாறு செய்வதில்லை. ஆயினும் செவ்வாய் காலையில் நேர்முகப் பரீட்சை இருக்கின்றதென்றால் ஞாயிற்றுக்கிழமையே போய் வெட்டுவித்துக்கொள்வது நல்லது.